ஆடி மாதத்து மலிவு

ஆடி பிறந்துவிட்டால் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். நாயனக்காரரும் சமையற்காரரும் ஊரோடு ஓய்ந்திருப்பார்கள். அம்மன் கோயில் வாசல்களில் கூழ் காய்ச்சும் அடுப்புகள் மட்டும் புகைந்துகொண்டிருக்கும். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டு நடுவில் முடியும் இந்த ஒரு மாத காலம் விவாகம் முதலிய சுப காரியங்களுக்கு ஆகாது என்று நம்மவர்கள் எக்காலத்திலோ தீர்மானித்துவிட்டபடியாலும், ஆடிப் பட்டம் தேடி விதைக்கவேண்டிய குடியானவன் கையிலிருந்த பணத்தையெல்லாம் உழவிலும் விதையிலும் எருவிலும் போட்டுவிட்டு அறுவடையை எதிர்நோக்கி நிற்கிற பருவம் இதுவேயாகையாலும், ஜவுளிக் கடைக்காரருக்குப் போணி மந்தமான மாதம் ஆடி என்பது நெடுங்கால வியாபார அனுபவம். வைகாசி முகூர்த்தங்களுக்கென்று தருவித்து விற்றது போக எஞ்சிய சரக்கு அலமாரிகளை அடைத்துக்கொண்டிருக்க, தீபாவளிச் சரக்குக்கு முன்பணம் அனுப்பவேண்டிய நாள் நெருங்கிவர, வாங்கிய கடனுக்கு வட்டியும் ஏறிக்கொண்டிருக்க, அவர்தாம் என்ன செய்வார்? அடக்க விலைக்கே போனாலும் போகட்டும், இடமும் பணமும் கைக்கு வந்தால் சரி என்று கணக்குப் பார்த்து வாசலில் ஒரு பலகையை மாட்டினார். ஆடித் தள்ளுபடி பிறந்த கதை இவ்வளவே. இதில் சூதும் இல்லை, தர்மமும் இல்லை. விற்பவருடைய நெருக்கடி வாங்குபவருக்கு அனுகூலமாக வந்து முடிந்த ஒரு சந்தர்ப்பம், அவ்வளவுதான்.

இது நமக்கு மட்டும் தோன்றிய யுக்தியன்று. பாரிஸ் நகரத்தில் 'போன் மார்ஷே' என்னும் பெருங்கடையை வளர்த்தெடுத்த அரிஸ்தீத் பூசிக்கோ என்பவர், கிறிஸ்துமஸ் சந்தடி அடங்கிக் கடை வெறிச்சோடிப் போகும் ஜனவரி மாதத்தை எப்படித் தள்ளுவது என்று யோசித்து, படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு முதலிய வெள்ளைத் துணிகளையெல்லாம் மலை மலையாகக் குவித்து 1873 வாக்கில் ஒரு மலிவு விற்பனையைத் தொடங்கினார் என்று வியாபார சரித்திரம் எழுதுவோர் சொல்வர். அந்தக் கடையையும் அதைப் போன்றவற்றையும் நுணுக்கமாக ஆராய்ந்து எமில் ஜோலா ஒரு முழு நாவலே எழுதி 1883இல் வெளியிட்டார் என்றால், மலிவு என்பது மனிதரை என்ன பாடு படுத்தும் என்பது அப்போதே இலக்கியத்துக்கு விஷயமாகிவிட்டது என்று அர்த்தம். பாரிஸில் பனிக்காலம்; நமக்கு ஆடிக் காற்று. மந்தமான மாதம் என்ற காரணம் மட்டும் இரண்டிடத்திலும் ஒன்றே.

இப்படி வரும் மலிவுக்காகக் காத்திருந்து வாங்குவதை ஒரு வித்தையாகவே பயின்றிருந்த குடும்ப ஸ்திரீகளை நான் அறிவேன். எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருந்தார். கணவருக்கு ரயில்வேயில் சொற்பச் சம்பளம், வீட்டில் பிள்ளைகள் நால்வர். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து, எழுதாத பின்புறம் மேலே வரும்படி அடுக்கி, ஊசி நூலால் தைத்து ஒரு நோட்டு வைத்திருந்தார். தை மாதத்தில் தலையணை உறை கிழிந்தால் அன்றைக்கே அது நோட்டில் ஏறும். சித்திரையில் போர்வை நைந்து போனால் அதுவும் ஏறும். நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் தலையாடிச் சீருக்கு ஒரு புடவை, இன்ன நிறம், இன்ன விலைக்கு மேல் போகக் கூடாது என்பது வரைக்கும் ஏறும். ஆடி இரண்டாம் வாரத்தில், சனி ஞாயிறு அல்லாத ஒரு நாளில், கடை திறந்து சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் போய் நின்றுவிடுவார். துணியைப் பிரித்தவுடன் மேற்புறத்தைப் பார்க்க மாட்டார். புரட்டி உட்புறத்தைத்தான் பார்ப்பார். இரண்டு கட்டை விரல்களுக்கிடையே இழுத்து இழை விலகுகிறதா என்று சோதிப்பார். விரல் நுனியை ஈரமாக்கி ஓர் ஓரத்தில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடிப்பார். விற்பனைப் பையன் சும்மா இருப்பானா? ஒரு நாள் அவன் வேறொரு கட்டைப் பிரித்து முன்னால் விரித்துவிட்டு, "இதைப் பாருங்கம்மா, நேத்துதான் வந்துச்சு, காட்டுறதுக்குக் காசா?" என்றான். அம்மாள் ஏறிட்டும் பார்க்கவில்லை. "நேத்து வந்த சரக்குக்கு இன்னைக்கு எதுக்குத் தம்பி தள்ளுபடி? நான் கேட்ட போர்வையை எடுப்பா" என்றார்.

அந்த ஒரு கேள்வி இன்றைய வியாபாரத்தின் அஸ்திவாரத்தையே தொட்டுப் பார்க்கிறது என்பது என் அபிப்பிராயம். எஞ்சிய சரக்கை விற்பதற்காகத் தள்ளுபடி ஏற்பட்டது ஒரு காலம். தள்ளுபடியில் விற்பதற்கென்றே சரக்கை உற்பத்தி செய்வது இந்தக் காலம். பொங்கலுக்கு ஒரு மலிவு, குடியரசு தினத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று, சுதந்திர தினத்துக்கு ஒன்று, நவராத்திரி தொடங்கித் தீபாவளி முடிய ஒன்று, ஆங்கில வருஷக் கடைசியில் ஒன்று என்று பஞ்சாங்கத்தில் இடைவெளியே இல்லாதபடி மலிவுகள் வந்து நிறைந்துவிட்டன. 2014ஆம் வருஷம் அக்டோபர் 6ஆம் தேதி 'ஃபிளிப்கார்ட்' நிறுவனத்தார் ஒரே நாள் மகா விற்பனை ஒன்றை அறிவித்தபோது, நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் கணினியிலும் கைப்பேசியிலும் மொய்த்த வேகத்தைத் தாங்க மாட்டாமல் தளம் திணறிப்போய், அதை நிறுவியவர்களே வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத நேர்ந்தது. அன்று ஒரு நாளாக இருந்தது பிறகு வருஷந்தோறும் பல நாள் உற்சவமாயிற்று. போட்டிக்கு மற்றவர்களும் தத்தம் உற்சவங்களைத் தொடங்கினார்கள். மந்தமான மாதத்தின் சங்கடத்தில் பிறந்த ஒரு வழக்கம், சங்கடமே இல்லாத மாதங்களையும் ஆட்கொண்டுவிட்டது. ஆகவே, 'இப்போது விட்டால் இனி எப்போது?' என்று விளம்பரம் கேட்கும் கேள்விக்கு, பெரும்பாலும் 'ஆறு வாரத்தில்' என்பதே உண்மையான பதிலாக இருக்கிறது. இந்தப் பதிலை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

சென்னைத் தியாகராய நகரை ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் பாராதவர்களுக்கு நான் சொல்வது மிகையாகத் தோன்றலாம். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரால் 1920களில் அமைதியான குடியிருப்பாக வகுக்கப்பட்டு, நடுவில் பனகல் அரசர் பெயரால் ஒரு பூங்காவும் வைக்கப்பட்ட இந்தப் பேட்டையில் இன்று, மாம்பலம் ரயில் நிலையத்துப் படிகளில் இறங்கும் ஒருவன் தன் சுயேச்சையால் நடந்து ரங்கநாதன் தெருவின் மறுமுனையான உஸ்மான் சாலையைச் சேர்வதாகச் சொல்ல முடியாது. கூட்டம் அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரு பக்கமும் ஒலிபெருக்கி. தலைக்கு மேல் விளம்பரத் துணி. காலடியில் பிளாஸ்டிக் வடிகட்டியும் ஹேர்பின் அட்டையும் விற்பவர்கள். தோளில் இடித்துக்கொண்டு போகும் கட்டைப்பைகள். கடைக்குள் நுழைந்தாலோ, வேண்டிய பொருள் எப்போதும் நான்காவது மாடியில் இருக்கிறது. அங்கே ஏறிப் போவதற்குள் வேண்டாத பொருள்கள் மூன்று மாடிகளில் காத்திருக்கின்றன. புடவைப் பகுதியில் ஒரு கை விரித்த புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால், பக்கத்திலிருக்கும் இன்னொரு கை உடனே அதைப் பற்றுகிறது. வேண்டாமென்று வைத்தவருக்கே அக்கணத்தில் அது வேண்டியதாகிவிடுகிறது. பிறர் கையில் இருப்பதனாலேயே ஒரு பொருளுக்கு வரும் இந்தத் திடீர்க் களைக்கு எந்த நெசவாளியும் பொறுப்பல்ல.

மனம் ஏன் இப்படி வழுக்குகிறது என்பதை மேனாட்டு அறிஞர் சிலர் அரை நூற்றாண்டாகப் பொறுமையுடன் பரிசோதித்திருக்கிறார்கள். ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்னும் இருவர் 1974இல் எடுத்துக்காட்டிய ஓர் உண்மை, முதலில் கண்ணில் படும் எண் எதுவாக இருந்தாலும், அதன் பிறகு நாம் செய்யும் மதிப்பீடுகளெல்லாம் அந்த எண்ணை விட்டு வெகுதூரம் போவதில்லை என்பது. ஒரு சட்டையின் சீட்டில் 2,400 என்று அச்சிட்டு, அதைச் சிவப்புக் கோட்டால் அடித்து, கீழே 960 என்று எழுதியிருந்தால், அந்தச் சட்டை 960 பெறுமா என்று நாம் யோசிப்பதில்லை. 2,400 அளவுக்கு உயர்ந்த ஒரு வஸ்து 960க்கு இறங்கி வந்து நம் கையைப் பிடிக்கிறதே என்று மனம் உருகிவிடுகிறோம். அடிக்கப்பட்ட அந்த விலைக்கு அதை எவராவது எந்த நாளிலாவது வாங்கியிருப்பாரா என்ற கேள்வி அப்போது எழுவதேயில்லை.

அதே இருவரும் 1981இல் வெளியிட்ட இன்னொரு சோதனை இதைவிட ருசிகரமானது. 125 டாலருக்கு ஒரு மேல்சட்டையும் 15 டாலருக்கு ஒரு கணக்குக் கருவியும் வாங்கப் போகிறீர்கள். இருபது நிமிஷ தூரத்திலுள்ள கிளைக் கடையில் அந்தக் கருவி 10 டாலருக்குக் கிடைக்கிறது என்கிறார் கடைக்காரர். போவீர்களா என்று ஒரு சாராரைக் கேட்டார்கள். நூற்றுக்கு 68 பேர் போவோம் என்றனர். மற்றொரு சாராரிடம் விலைகளை மட்டும் இடம் மாற்றி, 125 டாலர் கருவி அங்கே 120க்குக் கிடைக்கிறது என்று கேட்டபோது நூற்றுக்கு 29 பேரே புறப்பட்டார்கள். இரண்டிலும் மிச்சமாவது அதே ஐந்து டாலர்; போக வேண்டியதும் அதே தூரம். நாம் பணத்தைப் பார்ப்பதில்லை, விழுக்காட்டைப் பார்க்கிறோம் என்பது இதனால் விளங்கும். ரிச்சர்டு தேலர் என்னும் பொருளியல் அறிஞர் 1985இல் இதை இன்னும் ஒரு படி வளர்த்து, வாங்கிய பொருளால் வரும் சந்தோஷம் வேறு, 'நல்ல பேரம்' என்பதனால் வரும் சந்தோஷம் வேறு என்று பிரித்துக் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே பொருள் கசந்துபோய், பேரம் மட்டும் பத்து நாள் வரைக்கும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சொல்லி இனிக்கிறதே, அது இந்த இரண்டாவது ரகம்.

விழுக்காட்டைப் பற்றிப் பேச்சு வந்ததனால் ஒன்று சொல்லவேண்டும். '50 விழுக்காடு, அதன்மேல் 20 விழுக்காடு' என்று எழுதியிருப்பதைக் கண்டு 70 என்று கூட்டிக்கொள்ளாதவர் அரியர். ஆயிரம் ரூபாய்ச் சரக்கு முதலில் 500 ஆகி, அந்த 500இல் 20 விழுக்காடாகிய 100 கழிந்து, 400 ரூபாய்க்கு வருகிறது. ஆகக் கழிவு 60தான். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது மூன்றில் ஒரு பங்கு கழிவே அன்றி வேறில்லை. அதுவும் மூன்று வேண்டியவருக்கு. ஒன்று மட்டும் வேண்டியவருக்கு அது ஒரு மடங்கு அதிகச் செலவு. ஏழாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் ஒலிபெருக்கிக்கு நடுவில் நின்றுகொண்டு பெரியவர்களால் போட முடியாத கணக்கு.

கடைசியில் பில் போடும் இடத்தில் நடக்கும் வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. தாளின் அடியில், 'நீங்கள் இன்று சேமித்தது ரூ. 3,140' என்று தடித்த எழுத்தில் அச்சாகி வருகிறது. சேமித்த பணம் எங்கேயோ இருக்க வேண்டுமல்லவா? பையில் இல்லை, பெட்டியில் இல்லை, தபாலாபீஸ் புத்தகத்திலும் ஏறவில்லை. செலவழித்த தொகை அதே தாளில் மெலிந்த எழுத்தில் ஒதுங்கி நிற்கிறது. வீட்டுக்கு வந்ததும் 'என்ன செலவு?' என்று கேட்பவருக்கு, 'மூவாயிரத்துக்கு மேல் மிச்சம்' என்று விடை கிடைக்கிறது, கேட்டவரும் திருப்தியடைகிறார்.

நிதானமாக யோசிக்கிறவர் எந்த மலிவிலும் ஏமாறுவது கடினம் என்பது வியாபாரிக்கும் தெரியும். ஆகையால் அவர் விலையைக் குறைப்பதைக் காட்டிலும் காலத்தைக் குறைப்பதில்தான் அதிகச் சாமர்த்தியம் காட்டுகிறார். கைப்பேசித் திரையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. 'இன்னும் இரண்டே உருப்படி' என்று ஒரு வரி பளிச்சிடுகிறது. 'இந்நேரம் 37 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று இன்னொன்று. இத்தகைய பொய் அவசரத்தை உண்டாக்குவதும், கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், வேண்டாமென்று சொல்பவரை வெட்கப்படச் செய்யும் வாசகங்களை எழுதுவதும் உள்ளிட்ட 13 வகைத் தந்திரங்களை நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், தள்ளுபடி விலைக்கு மேலே காட்டும் பழைய விலை, முந்தின 30 நாட்களில் அந்தக் கடையே வைத்திருந்த மிகக் குறைந்த விலையாக இருக்க வேண்டும் என்ற விதி 2022 மே முதல் அமலில் இருக்கிறது. நல்ல சட்டங்கள்தாம். ஆனாலும் பொய்யான அவசரத்தைச் சட்டம் தடுக்கலாம். மெய்யாகவே இன்றிரவு பன்னிரண்டு மணிக்கு முடிந்துபோகும் ஒரு மலிவின் அவசரத்தை எந்தச் சட்டம் தடுக்கும்?

பணம் கையை விட்டுப் போவது தெரியாமலே போய்விடுகிற சௌகரியமும் இதனோடு சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் பணம் முந்தானை முடிச்சில் இருந்தது. முடிச்சை அவிழ்த்து, நோட்டை எண்ணி, மீதியை மறுபடி முடிந்துகொள்வதற்குள் இரண்டு மூன்று நிமிஷமாவது ஆகும். அந்த நிமிஷங்களில் எத்தனையோ பொருள்கள் வேண்டாதவையாகிப் போயின. ஒரே தட்டில் வாங்கிவிடும் முறைக்கு அமேசான் நிறுவனம் 1999இல் அமெரிக்காவில் காப்புரிமையே பெற்றது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த இரண்டு நிமிஷத்தின் மதிப்பு என்ன என்பது தெரியவரும். 2001இல் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் கூடைப்பந்து ஆட்டச் சீட்டுகளை ஏலம் விட்டுப் பார்த்தபோது, கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கம் கட்டவேண்டியவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வரை கேட்டார்கள். தவணை விஷயமோ இதற்கும் மேல். வட்டியே இல்லாத தவணை என்று கடைதோறும் எழுதியிருக்க, அப்படி ஒரு கடன் உண்மையில் கிடையாது, வட்டி வேறெங்கோ மறைந்திருக்கிறது என்பதை 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கக்கூடிய கழிவை இழப்பதுதான் பல இடங்களில் அந்த வட்டி.

தள்ளுபடியில் குறைந்த பணத்தை யாரோ ஒருவர் ஏற்றுத்தான் ஆகவேண்டும். 1935இல் தொடங்கப்பட்ட நம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 விழுக்காடு ரிபேட் கொடுக்கிறார்கள் என்றால், அதன் பின்னால் அரசாங்கத்தின் மானியம் இருக்கிறது. காந்தி ஜயந்தியை ஒட்டிக் கதர்க் கடைகளில் கொடுக்கும் கழிவும் அந்த மாதிரியானதே. ஜனங்களின் வரிப் பணம் தறிக்காரன் வீட்டு உலையைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற மலிவுகளில் அந்தச் சுமை எங்கே போய் இறங்குகிறது? திருப்பூரிலோ வேறெங்கோ துண்டுக் கணக்கில் தைக்கிறவர் கூலியில் கொஞ்சம், துணியின் கனத்தில் கொஞ்சம், காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடவை மடிக்கும் பெண்களின் கால்களில் கொஞ்சம். ரங்கநாதன் தெருவை வைத்து 2010இல் 'அங்காடித் தெரு' என்ற படம் வந்தபோதுதான் அந்தக் கால்களைப் பலர் கவனித்தார்கள். கடை ஊழியர் உட்கார இருக்கை போடவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட 2021 ஆயிற்று. அவசியமான பொருளை மலிவாக வாங்குகிறவரை இதைச் சொல்லி நோகடிப்பது நியாயமல்ல. அவசியமே இல்லாத நான்காவது சுரிதாருக்காகவும் ஒருத்தி நின்றாள் என்பது மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

இவ்வளவும் சொன்னபின் ஆசையை அடக்குங்கள் என்று உபதேசம் செய்வது பிரசங்கிகளுக்கு எளிது. காந்தியடிகள் 1930இல் எரவாடாச் சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு எழுதிய கடிதங்களில், தனக்குத் தேவையில்லாத ஒன்றை உடையவன் சம்மதத்தோடு பெற்றுக்கொள்வதும் களவே என்று கள்ளாமை விரதத்தை விரித்துரைத்தார். அந்த உயரத்தை நான் வணங்குகிறேன்; ஆயினும் வருஷத்துக்கு ஒரு முறை நல்ல புடவை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் சந்தோஷத்தைத் தவிர வேறு கேளிக்கையே இல்லாத ஒரு பெண்ணிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மேலும், கூட்டத்தின் நடுவில், விளக்கொளியில், விலைச் சீட்டைப் பார்த்த பிறகு மனத்தை அடக்க வேண்டும் என்பது, யுத்தத்தை எதிரி விரும்பிய களத்தில் நடத்துவதற்கு ஒப்பாகும். அங்கே ஜயிப்பவர் சிலரே. தோற்றவரைச் சபலக்காரர் என்று ஏசுவது, கோடிக்கணக்கில் செலவிட்டு அக்களத்தை அமைத்தவரை விட்டுவிட்டு அதில் தடுக்கி விழுந்தவரைத் தண்டிப்பதாகும்.

ஆகவே, எனக்கு விவேகமாகப் படுவது அந்த ரயில்வேக்காரர் மனைவியின் வழிதான். அவருடைய மனோதிடம் மற்றவர்களுடையதைவிட அதிகம் என்று நான் நினைக்கவில்லை. விலை கண்முன் இல்லாத நேரத்தில் தேவையைத் தீர்மானித்துவிட்டார், அதுதான் விஷயம். தை மாதத்தில் கிழிந்த உறையைப் பார்த்து எழுதியபோது அதன் விலை என்ன, கழிவு எத்தனை என்பது அவருக்குத் தெரியாது. கிழிசல் மட்டுமே தெரிந்தது. விலையைப் பார்த்த பிறகு தோன்றும் தேவைகளில் எது நம்முடையது, எது கடைக்காரருடையது என்று பிரித்தறிவது முனிவர்களுக்கும் அரிது. இன்று நோட்டுக்குப் பதிலாகக் கைப்பேசியிலேயே எழுதிக்கொள்ளலாம். ஆனால் வாங்கும் செயலியின் 'விருப்பப் பட்டியலில்' எழுதக் கூடாது, ஏனென்றால் அது நம்முடைய பட்டியல் என்பதைவிட அவர்களுடைய பட்டியல் என்பதே பொருந்தும். விலை சற்று இறங்கியவுடன் நள்ளிரவிலும் தட்டி எழுப்பும். பண்டத்தின் சாதாரண விலையைச் சாதாரண நாளில் விசாரித்துக் குறித்துவைத்துக்கொள்வதும் நல்லது. சீட்டில் அடித்துக் காட்டும் பழைய விலைக்கு அதுவே மாற்று மருந்து. கடையில் எடுத்த பொருளை வைத்துவிட்டு வெளியே வந்து ஒரு காபி குடித்துவிட்டு, பிறகும் வேண்டுமென்று தோன்றினால் மறுபடி உள்ளே போவது என்று வைத்துக்கொண்ட நண்பர் ஒருவர் உண்டு. மறுபடி உள்ளே போவதற்குக் கூட்டத்தைப் பிளக்க வேண்டும் என்ற அலுப்பே அவரைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியலில் ஆசைக்கென்று ஓர் இடம் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். உறையும் போர்வையும் மட்டுமே எழுதிக்கொண்டு போகிறவர், அவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்குத் தாமே தமக்குப் பரிசளித்துக்கொள்வதுபோல, கடைசி மாடியில் எதையாவது அள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்கிறோம். 'ஒரு பகட்டான பொருள், ஆயிரம் ரூபாய்க்குள்' என்று முன்னதாகவே எழுதிவைத்துவிட்டால், அதைத் தேடுவதிலேயே பாதிச் சந்தோஷம் கிடைத்துவிடும். தீபாவளிச் சீட்டு கட்டுகிறவர்கள் பன்னிரண்டு மாதமும் சிறுகச் சிறுகச் சேர்த்து, பட்சணத்துக்கும் பட்டாசுக்கும் துணிக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வதில் இந்த ஞானம் இருக்கிறது. சீட்டுக்காரர் ஓடிப்போகிற ஊர்களில் அந்த ஞானம் பயன்படாமல் போவது வேறு கதை. நம்பகமான தபாலாபீஸில் அதையே செய்துகொள்வதை யாரும் தடுக்கவில்லை.

பிறருக்கென்று வாங்குகிற பொருள் விஷயத்தில்தான் எந்தப் பட்டியலும் பலிப்பதில்லை. தனக்கென்றால் தயங்குகிற கை, 'யாருக்காவது கொடுக்க ஆகும்' என்ற நினைப்பு வந்தவுடன் தாராளமாகிவிடுகிறது. ஆடியில் பத்துப் பத்தாகக் கட்டி விற்கும் ரவிக்கைத் துண்டுகளை இந்த நினைப்பால் வாங்காத வீடு குறைவு. புரட்டாசியில் நவராத்திரிக் கொலுவுக்கு வருகிற சுமங்கலிகளுக்கு வெற்றிலை பாக்கோடு அவை போகும். பெற்றுக்கொண்டவர் பெட்டியில் வைப்பார். யாரும் தைப்பதில்லை, ஏனென்றால் எந்தப் புடவைக்கும் அந்த நிறம் சேராது, அளவும் போதாது. அடுத்த வருஷம் அவர் வீட்டுக் கொலுவில் அது வேறொருவருக்குப் போகும். மாம்பலத்தில் கிளம்பிய பச்சைத் துண்டு ஒன்று மடிப்புக் கலையாமல் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மறுபடி மாம்பலம் என்று சுற்றி, வாங்கியவரிடமே வந்து சேர்ந்ததாக எங்கள் உறவில் ஒரு கதை உண்டு. ஓரத்தில் மஞ்சள் கறை இருந்ததனால் அடையாளம் தெரிந்ததாம். இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க வேண்டுமென்று இப்போது பலர் எவர்சில்வர் கிண்ணமும் பிளாஸ்டிக் டப்பாவும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவையும் ஆடியில்தான் டஜன் கணக்கில் மலிவாகக் கிடைக்கின்றன.